மன்னிப்பில் ஓரெழுத்து

அமில்காரே பொனாத்சிக்கு ஓப்பெரா மேடையில் முதல் வேஷம் கிடைத்தபோது வயது இருபத்து நான்கு. வேஷம் தாத்தா. பேத்தியாகப் பாடிய அம்மாளுக்கு ஐம்பத்தொன்று. ஒட்டுத் தாடியும் தடியுமாக வந்து அவர் "குழந்தாய்" என்று அவள் தலையில் கை வைத்தபோது மேல் கேலரியில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. குரல் அப்படி. குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்த அடிக்குரலைக் கடவுள் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டால், அவன் பிறந்த அன்றைக்கே கிழவன்தான். காதலிப்பதெல்லாம் உச்சக்குரல்காரன் பாடு. பெண்கள் பூச்செண்டு அனுப்புவதும் அவனுக்குத்தான். அடிக்குரல்காரன் மூன்றாம் அங்கத்தில் மெல்ல நடந்து வருவான், செத்தவர்களைப் புதைக்கச் சொல்லி உத்தரவு போடுவான், மிச்சம் இருப்பவர்களை மன்னித்துவிட்டுப் போவான்.

இப்போது அவருக்கு அறுபத்திரண்டு. சொந்தத்திலேயே நரைத்த தாடி இருக்கிறது. ஆனாலும் அதற்கு மேல் ஒன்றை ஒட்டினார்கள். சொந்தத் தாடி இரண்டாம் வரிசைக்கு அப்பால் தெரியாதாம். என்னத்தைச் சொல்ல! நாற்பது வருஷம் கிழவனாக நடித்துவிட்டு, நிஜமாகவே கிழவனானபோது அது போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், புனித ஸ்தேபான் திருநாள். 1974. போ என்னும் ஆற்றின் கரையோர ஊர்களில் அன்றைக்குத்தான் அரங்கத்தைத் திறப்பார்கள். காட்சி மாலை நான்கு மணிக்கு. காலை பத்து மணிக்கே அமில்காரே அரங்கத்தை ஒட்டிய காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். வெளியே மூடுபனி, எதிர்ச் சாரியில் இருந்த கோயிலைக் காணோம். முந்தின நாள் பண்டிகைச் சாப்பாட்டை விடுதியில் தனியாகச் சாப்பிட்டிருந்தார். இறைச்சி பொதிந்த மாவுருண்டை சூப், தட்டு நிறைய. பாதிக்கு மேல் இறங்கவில்லை. உடம்பில் எங்கேயும் வலி இல்லை, ஆனாலும் எல்லா இடமும் அலுத்துப் போயிருந்தது.

தெல்ஃபினா உள்ளே வந்தாள். அவள்தான் எடுத்துக் கொடுப்பவள். மேடையின் முன்விளிம்பில் ஒரு மரக்கூடு இருக்கும். அதற்குள் இடுப்பளவு பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு, பாடுகிறவர்களுக்கு ஒவ்வொரு வரியின் முதல் வார்த்தையையும் அரைத் தாளம் முன்னால் சொல்லிக்கொண்டே இருப்பாள். முப்பது வருஷமாக அதே வேலை. அந்த முப்பது வருஷத்தில் அமில்காரே மேடையில் பாடியதெல்லாம் அவள் வாயிலிருந்து முதலில் வந்ததுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"என்ன, அரசரு இப்பவே முழிச்சிட்டாரு?" என்று எதிரில் உட்கார்ந்தாள். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பயமா? இந்த ஊரு கேலரியப் பத்தி உனக்குப் புதுசாச் சொல்லணுமா?"

"தெல்ஃபினா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு. ரெண்டாம் அங்கத்துல மூச்சு எங்க விடறதுன்னு மட்டும் கேக்காத. முப்பது வருஷமாச் சொல்லிச் சொல்லி என் மூச்சு போச்சு."

"அது இல்ல. நான் போட்ட வேஷம் மொத்தம் நாப்பத்தி மூணு. அதுல எதுலயாச்சும் அப்பன்காரன் மககிட்ட மன்னிப்புக் கேக்கறானா?"

தெல்ஃபினா காப்பியைக் கீழே வைத்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"அரசன் பதினொண்ணு. அவனுங்க கேக்க மாட்டானுங்க. பூசாரி ஒம்பது, அவனுங்களுக்கு மகளே கிடையாது, இருந்தாலும் ஒத்துக்க மாட்டானுங்க. பேய் மூணு. சிறைக் காவல்காரன் மூணு, அதுல ஒருத்தனுக்கு ஒரு பொண்ணு உண்டு, ஆனா அவன் குடிச்சிட்டுத் தூங்கிருவான். வெறும் அப்பன் பதினேழு." கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்தாள். "ஊஹூம். ஒருத்தனும் கேக்கல. சபிக்கறான், பூட்டி வைக்கறான், மடத்துக்கு அனுப்பறான், கடைசியில 'எந்திரி மகளே'ங்கறான். மன்னிப்பு எப்பவும் உன் கையிலதான்யா இருக்கும். நீ குடுப்ப. வாங்கினதே இல்ல."

"நல்லாத் தேடு."

"தேடிட்டேன்யா. எழுதினவனுங்க எல்லாம் அப்பன்கள். வேற எப்படி இருக்கும்?"

அமில்காரே சட்டைப்பையிலிருந்து ஒரு அஞ்சலட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். "26ஆம் தேதிக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். இரண்டாம் அடுக்கு, பதினான்காம் பெட்டியில் இருக்கை. முடிந்ததும் உங்கள் அறைக்கு வருகிறேன். பத்து நிமிடம் போதும். நீவெஸ்."

தெல்ஃபினா அதை இரண்டு முறை படித்தாள். நீவெஸ் யார் என்று கேட்கத் தேவையில்லை, அவர் மகளை அவளுக்குத் தெரியும்.

ஆறு வருஷம் முன்னால் அமில்காரேயின் மனைவி இல்தே செத்துப்போனாள். அப்போது அவர் சிசிலியில் ஏதோ ஒரு அரசனாகப் பாடிக்கொண்டிருந்தார். அடக்கம் சனிக்கிழமை. சனிக்கிழமை காட்சியும் இருந்தது. மாற்றாளுக்குக் காய்ச்சல். அரங்கத்தார் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். அமில்காரே தந்தி கொடுத்தார்: "காட்சி இருக்கிறது. முடிந்ததும் வருகிறேன்." பாடினார். பிரமாதமாகப் பாடினார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பத்திரிகையில், பொனாத்சியின் துயரம் இவ்வளவு உண்மையாக இதற்கு முன் ஒலித்ததில்லை என்று ஒரு புண்ணியவான் எழுதினான். அவர் ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது மண் மூடி இரண்டு நாள் ஆகியிருந்தது. கதவைத் திறந்த நீவெஸின் கையில் அந்தப் பத்திரிகை இருந்தது. அவரிடம் அதைக் கொடுத்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு சரி. கிரெமோனாவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். வருஷா வருஷம் பிறந்தநாளுக்குக் கடிதம் போடுவார். என்ன எழுதுவது என்று தெரியாமல், எந்த ஊரில் என்ன வேஷம் என்று எழுதுவார். பதில் வராது.

"பத்து நிமிஷம்தான்," என்றார் அமில்காரே. "நான் வாயைத் தொறந்தா அரசன் மாதிரியே பேச்சு வருது. எனக்கே கேக்குது. கடையில ரொட்டி கேட்டாக்கூட அந்தப் பொண்ணு பயந்துக்கிது. மன்னிப்புக் கேக்கற வார்த்தை ஒண்ணு, ஒரே ஒண்ணு தெரிஞ்சிருந்தாப் போதும், அதைப் பிடிச்சிக்கிட்டுப் போயிருவேன்."

"அறுபத்திரண்டு வயசு ஆம்பள," என்றாள் தெல்ஃபினா. "மகளப் பாக்கப் போறதுக்கு என்னை எடுத்துக் குடுக்கச் சொல்றியா? அந்த அறைக்குள்ள கூடு கிடையாதுய்யா. நீயாத்தான் பேசணும்."

சொல்லிவிட்டு, அவருடைய காப்பிக்கும் சேர்த்துச் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். அவருக்கு அவள் மேல் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கோபம் கூடவே செய்தது.

நான்கு மணிக்குத் திரை ஏறியது. அரிபெர்தோ அரசனின் கதை. இந்த ஊர்க்காரர் ஒருவர் எழுதிய ஓப்பெரா; ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போடாவிட்டால் ஊரே சண்டைக்கு வரும். கேலரியில் பன்றி வியாபாரி, நாவிதர், தபால்காரர் என்று அறுபது எழுபது பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். ஒருவர் கையிலும் பாட்டுப் புத்தகம் இருக்காது, எல்லாம் மனப்பாடம். ஒரு சுரம் நழுவினாலும் மேலேயிருந்து இருமல் வரும். இரண்டு நழுவினால் பேச்சு வரும்.

முதல் இரண்டு அங்கமும் அமில்காரே நல்லபடியாகவே பாடினார். குரல் சொன்னபடி கேட்டது. நாற்பது வருஷத்தில் அவர் எங்கே போனாலும் அது தவறாமல் கூடவே வந்திருக்கிறது. அதற்காக அவர் வேறு எங்கேயும் போகாமல் இருந்திருக்கிறார். அப்படி நினைத்ததும் மேடையிலேயே அவருக்குச் சலித்துப் போயிற்று. பதினான்காம் பெட்டிப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

மூன்றாம் அங்கத்தில், எதிரியின் மகனோடு ஓடிப்போன இளவரசி திரும்பி வந்து அரசன் காலடியில் மண்டியிடுவாள். வாத்தியங்கள் எல்லாம் அடங்கும். அரசன் மூன்று தடவை ஒரே வரியைப் பாடவேண்டும்: "பாத்ரே தி பெர்தோனா." அப்பாவான நான் உன்னை மன்னிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி இறங்கும். மூன்றாவது தடவை அடிமட்டத்துக்குப் போய் அங்கேயே நிற்கும். அந்த ஒரு சுரத்துக்காகத்தான் கேலரி ஐந்து வருஷம் காத்திருக்கிறது.

இளவரசியாகப் பாடியவள் பியரா என்ற பெண். மண்டியிட்டாள். அமில்காரே அவள் தலைக்கு மேல் கையை நீட்டினார். அப்போதுதான் பார்வை தானாக இரண்டாம் அடுக்குக்குப் போயிற்று. பதினான்காம் பெட்டியில் நீவெஸ் முன்னால் சாய்ந்து, கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். இல்தே அப்படித்தான் உட்காருவாள்.

கூட்டுக்குள்ளிருந்து தெல்ஃபினாவின் குரல் வந்தது: "பாத்ரே தி..."

அமில்காரே வாயைத் திறந்தார். "பாத்ரே மி பெர்தோனா" என்று வந்தது.

ஓரெழுத்துதான். 'தி' என்றால் உன்னை, 'மி' என்றால் என்னை. மன்னிக்க வேண்டிய அரசன், மண்டியிட்டுக் கிடக்கும் மகளிடம், அப்பாவான என்னை மன்னித்துவிடு என்று கேட்டுவிட்டான். முதல் தடவை அது வாய் தவறித்தான் வந்தது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

கேலரியில் யாரோ இருமினார்கள்.

"தி! தி!" என்றாள் தெல்ஃபினா. கூட்டை விட்டு வெளியே தலையை நீட்டாத குறை. வாத்தியங்களை நடத்திய தாவிதே, முப்பத்தோரு வயசுப் பையன், கோலைத் தூக்கியபடி அவரை முறைத்தான்.

அவளுடைய 'தி' அமில்காரேக்கு நன்றாகக் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் எடுத்துக் கொடுத்ததை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "பாத்ரே மி பெர்தோனா" என்று இரண்டாம் முறையும் பாடினார். இந்த முறை தெரிந்தே பாடினார். பாடியபோது பியராவையும் பார்க்கவில்லை, கோலையும் பார்க்கவில்லை.

"என்ன மாமா பாடறீங்க?" என்று பியரா குனிந்த தலை நிமிராமல் முணுமுணுத்தாள்.

மேலேயிருந்து பன்றி வியாபாரி எஜீதியோவின் குரல் கணீரென்று விழுந்தது: "அரசே! யாரு யார மன்னிக்கறது? முதல்ல அதத் தீர்மானம் பண்ணுங்க!" கேலரி முழுக்கச் சிரிப்பு. கீழே கோட்டுப் போட்டவர்கள் "ஷ்ஷ்" என்றார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை தாவிதே காத்திருந்தான். தெல்ஃபினா கூட்டுக்குள்ளிருந்து அமில்காரேயின் முகத்தைப் பார்த்தாள், அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். மடியில் இருந்த புத்தகத்தை மூடினாள். மூன்றாவது தடவைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை குரல் அடிமட்டத்துக்கு இறங்கி, "மி" என்றே இறங்கி, அங்கேயே நின்றது. சுரத்தில் ஒரு குறையும் இல்லை. இதற்கு என்ன செய்வது என்று கேலரிக்குத் தெரியவில்லை. பாதிப்பேர் கைதட்டினார்கள், பாதிப்பேர் சீறினார்கள். பியரா எழுந்து நின்று, தன் புத்தகத்தில் இருந்தபடியே, "நீங்கள் மன்னித்தீர்கள், நான் பிழைத்தேன்" என்று பாடிவிட்டாள். பாவம், வேறென்ன செய்வாள்?

ஏழு மணிக்கு ஒப்பனை அறையில் அமில்காரே கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். கிரீடத்தை மட்டும் கழற்றியிருந்தார். தாவிதே வந்து கத்திவிட்டுப் போய்விட்டான். அவன் சொன்னதில் ஒன்றும் காதில் ஏறவில்லை. 'கேட்டாச்சு' என்றுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அறுநூறு பேர் முன்னால், மூன்று தடவை கேட்டாச்சு. இனி அவள் பாடு.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. நீவெஸ். முப்பத்தைந்து வயசு. கண்ணுக்குக் கீழே அவருக்கு இருக்கிற அதே அசதி. கோட்டைக் கழற்றவில்லை.

"உக்காரும்மா."

"இல்லப்பா, நிக்கறேன். ரயிலுக்கு நேரமாச்சு."

ஆறு வருஷத்துக்கு அப்புறம் 'அப்பா' என்ற வார்த்தை. அமில்காரேக்குக் கண் கலங்கியது. முகத்தில் பூச்சு இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

"மூணாம் அங்கத்துல வார்த்தைய மாத்திப் பாடுனீங்க," என்றாள் நீவெஸ்.

"தப்பாப் பாடலம்மா."

"தெரியும். முதல் தடவை தப்புன்னு நெனச்சேன். அடுத்த தடவ புரிஞ்சிடுச்சு." கதவுப் பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அழகாத்தான் பாடுனீங்க. எப்பவும் அழகாத்தான் பாடுவீங்க. என் பக்கத்துல உக்காந்திருந்த யாரோ ஒரு அம்மா அழுதுட்டாங்க. எனக்குத்தான் ஒண்ணும் வரல. பாட்டுல கேக்கறது உங்களுக்குக் கஷ்டமா என்ன? அது உங்க தொழில்."

அவருக்குச் சுருக்கென்றது.

"நான் சண்டை போட வரலப்பா. ஒண்ணு கேக்க வந்தேன். அம்மா போய் ஆறு வருஷம். இந்த ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு நம்ம ஊருக் கல்லறைக் கோயில்ல அம்மாவுக்கு நினைவுப் பூசை வச்சிருக்கேன். நீங்க வரணும். அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கெழம மூணு மணிக்குக் காட்சி இருக்கேம்மா," என்றார் அமில்காரே.

நினைத்துச் சொன்னதில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. நாற்பது வருஷமாக யார் எதற்குக் கூப்பிட்டாலும், கல்யாணமோ கருமாதியோ, அந்த வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். எந்த மேடையிலும் யாரும் அவருக்கு எடுத்துக் கொடுக்கத் தேவைப்படாத ஒரே வரி.

நீவெஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருக்கும். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"தெரியும்ப்பா. அதான் நேர்ல வந்து கேட்டேன். வீட்டுல தந்திக்குக் காத்துக்கிட்டு உக்கார வேண்டாம் பாருங்க."

அந்த நேரம் பார்த்துத் தட்டாமல் உள்ளே வந்தான் கெரார்தோ. அரங்க நிர்வாகி. நல்லவன்தான், ஆனால் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவன். இல்தே கையால் பலமுறை சாப்பிட்டவன். "அண்ணே, என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க! கேலரில இன்னும் அடிதடி நடக்குது. பாதிப் பேரு நீங்க பாடினதுதான் சரிங்கறான். சரி, போனது போகட்டும். ஞாயித்துக்கெழம ஆயர் வர்றாரு. அன்னிக்கு மட்டும் 'தி'யைப் பாடிருங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நீவெஸைப் பார்த்து நிறுத்தினான். "அடடே, நீவெஸா? எத்தன வருஷமாச்சும்மா!"

நீவெஸ் அவனுக்குத் தலையசைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கெழம சவேரியோ பாடட்டும்," என்றார் அமில்காரே.

"எந்தச் சவேரியோ? நம்ம மாத்தாளா? அவனுக்கு இருபத்தெட்டு வயசுண்ணே!"

"தாடிய ஒட்டி விடு."

"அண்ணே, விளையாடாதீங்க. சுவரொட்டியெல்லாம் உங்க பேருல இருக்கு. உங்க பேரு மேல சீட்டு ஒட்டணும்னா காரணம் எழுதணும், ஆயர் கேப்பாரு, கேலரி என்னைத் தின்னுரும். காரணம் என்னன்னு எழுதறது? உடம்பு சரியில்லன்னு எழுதட்டுமா?"

அமில்காரே எழுந்து நின்றார். வழக்கமான குரலைத் தேடினார், அது இல்லை. தொண்டையிலிருந்து சாதாரணமான, கரகரத்த, யாரோ ஒரு கிழவனின் குரல் வந்தது.

"உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. பொண்டாட்டி அடக்கத்துக்குப் போயிருக்காருன்னு எழுது."

கெரார்தோ அவரையும் நீவெஸையும் மாறி மாறிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணே... அண்ணிய அடக்கம் பண்ணி ஆறு வருஷமாச்சே."

"ஆமாடா," என்றார் அமில்காரே. "நான்தான் இன்னும் போகல."

நீவெஸ் உள்ளே நின்றபடியே கதவைச் சாத்திவிட்டு, பிடியிலிருந்து கையை எடுத்தாள்.